கழுவி வைத்த கொட்டாங்குச்சி

குளக்கரை மருதமரத் தோப்பில் ஒரு கீரியும் ஒரு தேவாங்கும் நோயாளிகளைக் கவனித்து வந்தார்கள். கீரியின் பெயர் செவ்வந்தி. அவளுக்குப் பகல் டூட்டி. தேவாங்கின் பெயர் அஞ்சலை. அவளுக்கு ராத்திரி டூட்டி. மனிதர்கள் ஊரில் நர்ஸ் என்று சொல்கிறார்களே, அதே வேலைதான். காட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் காயம் பட்டாலும் இந்தத் தோப்புக்குத்தான் தூக்கி வருவார்கள். தோப்புக்குள் வந்துவிட்டால் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. அந்த ஒன்றை மட்டும் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

இரண்டு பேருமே நல்ல வேலைக்காரிகள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை முடியும்போது யாராவது ஒருத்தியைத் திட்டலாமா என்று நீங்கள் தேடுவீர்கள், அதனால்தான். செவ்வந்திக்குக் கை வேகம். முள் எடுப்பது, புண் கழுவுவது, கட்டுப் போடுவது எல்லாம் அவள் கை பட்டால் வலி தெரியாது. அஞ்சலைக்கு நிதானம். இருட்டில் ஒரு நோயாளியின் மூச்சு கொஞ்சம் மாறினாலும் அவளுடைய பெரிய கண்கள் கண்டுபிடித்துவிடும்.

அந்தத் தோப்பில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாயும்போது இருவரும் சேர்ந்து படுக்கை படுக்கையாகப் போவார்கள். போகிறவள் சொல்வாள், வருகிறவள் கேட்டுக்கொள்வாள். ஆமை இன்று ஒன்றும் சாப்பிடவில்லை, முயலுக்குக் கட்டு மாற்றியாயிற்று, இப்படி. அந்தி மருந்தையும் அப்போதுதான் கொடுப்பார்கள். போகிறவள் மருந்தை ஊட்டுவாள். வருகிறவள் தண்ணீர் கொடுப்பாள். ஒரு வாய்க்கு இரண்டு பேரின் கை. யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. ஆனால் அது இருந்த வரைக்கும் மருந்து விஷயத்தில் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

அந்த மழைக்காலத்தில் துள்ளான் என்கிற மான்குட்டியை அவன் அம்மா தோப்புக்குக் கொண்டுவந்தாள். விஷக் காய்ச்சல். உடம்பு தூக்கிப் போட்டது. இதற்கு முன்னால் பெற்ற குட்டிகளைச் செந்நாய்களிடம் பறிகொடுத்தவள் அந்தத் தாய் மான். அவளுக்கு மிச்சம் இருந்தது இவன் ஒருவன்தான். கரடி வைத்தியர் வந்து பார்த்தார். கருவேர்க் கஷாயம் எழுதாக் குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்திக்கு ஒரு கொட்டாங்குச்சி, அவ்வளவுதான். அளவோடு கொடுத்தால் காய்ச்சல் விடும். அளவு மீறினால் நெஞ்சு நின்றுவிடும்.

கருவேரின் கசப்பு லேசுப்பட்டதல்ல. வாயில் பட்டால் அடுத்த நாள் வரைக்கும் நாக்கில் நிற்கும். அதனால் துள்ளான் தினமும் பொய் சொல்வான். கீரியைச் சித்தி என்றும் தேவாங்கை அத்தை என்றும் கூப்பிடுவான்.

"அத்தை, சித்தி முன்னாடியே மருந்து குடுத்துட்டாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க!"

"டேய், நான் இங்கதானடா நிக்கிறேன். என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பொய் சொல்றியா?" என்பாள் செவ்வந்தி.

மூன்று பேரும் சிரிப்பார்கள். பிறகு அவன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு குடித்துவிடுவான். காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று கரடி வைத்தியரே சொன்னார். தாய் மான் அன்றைக்குத் தோப்பில் இருந்த எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சண்டை எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், ஆள் குறைந்த இடத்தில் ஆரம்பித்தது. முன்பெல்லாம் பகலுக்கு இரண்டு பேர், ராத்திரிக்கு இரண்டு பேர். பகலில் இருந்த மைனா வேறு காட்டுக்குப் போய்விட்டாள். ராத்திரியில் இருந்த வௌவாலுக்கு இறக்கை கிழிந்து அவளே படுக்கையில் விழுந்தாள். வேறு ஆள் வேண்டும் என்று செவ்வந்தியும் அஞ்சலையும் சேர்ந்து போய்க் கேட்டார்கள். இருக்கிறதை வைத்துச் சமாளியுங்கள் என்றார் கரடி வைத்தியர். மழையில் நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். கைகள் மட்டும் கூடவில்லை.

அலுத்துப் போனவர்களுக்கு அடுத்தவர் அலுப்பு கண்ணில் படாது. ராத்திரியில் நோயாளிகள் எல்லாம் தூங்கிவிடுகிறார்கள், இவளுக்கு அப்படி என்ன வேலை, கிளையைக் கட்டிக்கொண்டு இவளும் தூங்குவாள் என்று செவ்வந்தி நினைத்தாள். பகலில் வெளிச்சம் இருக்கிறது, கூடமாட உதவ நோயாளிகளின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அப்படியும் அழுக்குக் கொட்டாங்குச்சியையும் நனைந்த இலைப்படுக்கையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாள் என்று அஞ்சலை நினைத்தாள். ராத்திரியில்தான் காய்ச்சல் ஏறும், ராத்திரியில்தான் உயிர் போகும் என்பது செவ்வந்திக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் உதவ வருவதில்லை, அதட்டத்தான் வருகிறார்கள் என்பது அஞ்சலைக்குத் தெரியாது.

ஒருநாள் அந்தியில் அஞ்சலை வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. செவ்வந்தியின் குட்டிகள் புற்றுக்குள் பசியோடு காத்திருந்தன. அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"ராத்திரி பூரா கிளையில தூங்குறவளுக்கு, பகலும் தூங்கினது பத்தலையா?"

"பகல் பூரா வர்றவங்ககிட்ட ஊர்க்கதை பேசுறவ என்னைச் சொல்லாத!"

பக்கத்துப் படுக்கையில் ஓடு விரிசல் விட்டுக் கிடந்த ஆமை, "விடுங்கம்மா, பாவம் ரெண்டு பேருமே" என்று சொன்னார். அவ்வளவுதான். நீ யார் பக்கம் என்று இரண்டு பேரும் அவர் மீது பாய்ந்தார்கள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இனி நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

அதன் பிறகு இருவரும் தனித்தனியாகக் கரடி வைத்தியரிடம் போனார்கள். அவர் தேனை நக்கிக்கொண்டே கேட்டார். செவ்வந்தியிடம், "நீ சொல்றதுதாம்மா சரி, அவ அப்படித்தான்" என்றார். அஞ்சலையிடமும் அதையே சொன்னார். இவள் சொன்னதை அவளிடமும், அவள் சொன்னதை இவளிடமும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். அவர் கெட்டவர் என்றுகூடச் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் அடித்துக்கொண்டிருக்கும் வரை அவரிடம் வேறு ஆள் கேட்க யாரும் சேர்ந்து வரப்போவதில்லை. அந்த நிம்மதி அவருக்குப் பிடித்திருந்தது.

பேச்சு நின்றது. சூரியன் மர உச்சியைத் தொட்டதும் செவ்வந்தி கிளம்பிவிடுவாள். அவள் வால் புதருக்குள் மறைந்த பிறகுதான் அஞ்சலை மரத்திலிருந்து இறங்குவாள். நடுவில் கொஞ்ச நேரம் தோப்பு யார் பொறுப்பிலும் இருக்காது. அந்த நேரத்தில் நோயாளிகள் இருமக்கூடப் பயந்தார்கள்.

துள்ளானின் அந்தி மருந்தை மட்டும் செவ்வந்தி விடவில்லை. அந்தத் தூங்குமூஞ்சியை நம்பிக் குழந்தையை விட முடியாது என்று, போவதற்கு முன்னால் தானே ஊட்டிவிட்டுப் போவாள். கொட்டாங்குச்சியைக் கழுவ நேரம் இருக்காது. படுக்கைக்குக் கீழே போட்டுவிட்டு ஓடுவாள். அஞ்சலை வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பாள். அடியில் கருவேரின் கறுப்புக் கசடு ஒட்டியிருக்கும். மருந்து கொடுத்தாயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிடும். திட்டிக்கொண்டே கழுவி வைப்பாள்.

யோசித்துப் பார்த்தால் அந்த அழுக்குக் கொட்டாங்குச்சி ஒன்றுதான் இருவருக்கும் நடுவில் மிச்சம் இருந்த பேச்சு. அது பேச்சு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

துள்ளான் மட்டும் மாறவில்லை. செவ்வந்தி மருந்தோடு வந்தால், "அத்தை காலையிலயே குடுத்துட்டாங்க சித்தி" என்பான். அவள் சிரிக்காமல் ஊட்டுவாள். முன்பு சிரித்தார்களே, இப்போது ஏன் சிரிப்பதில்லை என்று அவன் அம்மாவிடம் கேட்டிருக்கிறான். அவங்களுக்கு வேலை ஜாஸ்தி என்று அம்மா சொன்னாள்.

ஒருநாள் கொட்டாங்குச்சியில் எறும்பு மொய்த்து, படுக்கை வரைக்கும் ஏறி, துள்ளானின் காலைக் கடித்துவிட்டது. அஞ்சலைக்கு மனசு கேட்கவில்லை. விடிந்ததும் கரடி வைத்தியரிடம் போய்ச் சொன்னாள். நியாயமான புகார்தான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைச் செவ்வந்தியிடம் சொல்லியிருக்கலாம்.

கரடி வைத்தியர் அன்று பகல் தோப்புக்கு வந்தார். நோயாளிகளைப் பார்க்க வந்திருந்த கூட்டம் முழுக்க நின்றது. எல்லோர் முன்னாலும் செவ்வந்தியை நிற்க வைத்து, அஞ்சலை சொன்ன புகாரைச் சொன்னார். ஒரு கொட்டாங்குச்சியைக் கழுவத் தெரியாதவளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டார். முயலின் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செவ்வந்தி காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்கவில்லை. கண்ணில் வந்த நீரை யாரும் பார்க்கக் கூடாது என்று குனிந்து ஆமையின் ஓட்டைத் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் துள்ளானுக்கு வழக்கம்போல் மருந்து ஊட்டினாள். பிறகு எல்லாக் கொட்டாங்குச்சிகளையும் அள்ளிக்கொண்டு குளத்துக்குப் போனாள். மணல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. பளபளவென்று கொண்டுவந்து ஒவ்வொரு படுக்கைக்குப் பக்கத்திலும் நிமிர்த்தி வைத்தாள். வந்து பார்க்கட்டும் என்று முனகினாள்.

இருட்டுவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் தோப்பைவிட்டுப் போய்விட வேண்டும். கிளம்பிக்கொண்டிருந்த தாய் மான் தயங்கி நின்றாள்.

"அவங்க வந்ததும் நான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டுமா? மருந்து குடுத்தாச்சுன்னு?"

"நீங்க எதுக்குச் சொல்லணும்? காட்டுலயே பெரிய கண்ணு அவளுக்குத்தானே இருக்கு. வேணும்னா என்னை வந்து கேக்கட்டும்" என்றாள் செவ்வந்தி.

வேலை செய்கிறவர்களின் சண்டைக்குள் நுழைந்தால் அது குட்டியின் தலையில்தான் விடியும் என்று தாய் மான் பயந்தாள். துள்ளானை ஒருமுறை நக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். செவ்வந்தியும் போனாள்.

அஞ்சலை இறங்கி வந்தாள். துள்ளானின் படுக்கைக்குக் கீழே பார்த்தாள். கொட்டாங்குச்சி இல்லை. பக்கத்தில் பார்த்தாள். சுத்தமாக, ஒரு சொட்டுக் கசடு இல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

வைத்தியர் திட்டிய கோபத்தைக் குழந்தை மேல் காட்டிவிட்டாளே பாவி, மருந்தே கொடுக்காமல் போய்விட்டாளே என்று நினைத்தாள். அவசரமாகக் கருவேர்க் கஷாயத்தை ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, சித்தி குடுத்துட்டாங்க" என்றான் துள்ளான்.

"இன்னைக்குமா?"

"இன்னைக்கு நெசமாத்தான் அத்தை."

"நீ என்னைக்குடா பொய்யின்னு சொல்லியிருக்க?"

துள்ளான் பக்கத்துப் படுக்கையைத் திரும்பிப் பார்த்தான். "நீங்க பாத்தீங்கல்ல, நீங்களாவது சொல்லுங்க" என்று ஆமையிடம் கேட்டான். ஆமை பார்த்திருந்தார். செவ்வந்தி ஊட்டியதையும் பார்த்தார், கழுவப் போனதையும் பார்த்தார். தலையைப் பாதி வெளியே நீட்டினார். அஞ்சலையின் முகத்தில் இருந்த கோபத்தைப் பார்த்ததும் மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

அஞ்சலைக்கு ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செவ்வந்தியின் புற்று தோப்பின் ஓரத்தில்தான் இருந்தது. ஒரு குரல் கொடுத்தால் கேட்டிருக்கும். அஞ்சலை அந்தப் பக்கம் திரும்பி வாயைக்கூடத் திறந்தாள். நானா போய் அவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

"குடிச்சிருடா கண்ணு. இன்னும் கொஞ்ச நாள்தான். வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள்.

அத்தை கண் கலங்கியிருந்ததைத் துள்ளான் பார்த்தான். அவனுக்கு அத்தை மேல் ரொம்பப் பிரியம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு முழுவதையும் குடித்தான். அஞ்சலை தண்ணீர் கொடுத்து வாயைத் துடைத்துவிட்டாள்.

முதலில் உடம்பு குளிர்ந்தது. காய்ச்சல் விட்டது என்று அஞ்சலை சந்தோஷப்பட்டாள். பிறகும் குளிர்ந்துகொண்டே போனது. அவள் அவனை மடியில் போட்டுக்கொண்டு நாலு கால்களையும் தேய்த்தாள். அவளால் ஆனதை எல்லாம் செய்தாள். அன்றிரவு அவள் ஒரு கணம்கூடத் தூங்கவில்லை.

விடிந்ததும் செவ்வந்தி வந்தாள். அஞ்சலை மரத்தில் ஏறாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மடியில் கிடந்ததையும் பார்த்தாள்.

"நேத்து நல்லா இருந்தானே. மருந்து குடுத்துட்டுத்தானே போனேன்" என்றாள்.

அஞ்சலை நிமிர்ந்தாள். "கொட்டாங்குச்சி சுத்தமா இருந்துச்சே."

"அழுக்கா இருக்குன்னு நீதானே சொன்ன."

ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது அதுதான். பேசியதும் இருவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கரடி வைத்தியர் வந்துவிட்டார்.

"இதுல யாரு தப்பு?" என்று கேட்டார்.

செவ்வந்தி அஞ்சலையைக் கை காட்டினாள். அஞ்சலை செவ்வந்தியைக் கை காட்டினாள். ஒரு காலத்தில் மருந்தும் தண்ணீருமாகச் சேர்ந்து நீண்ட அதே கைகள், அவன் உடம்புக்கு மேலே இரண்டு பக்கத்திலிருந்தும் நீண்டன. பயம் அப்படிச் செய்ய வைத்தது. செவ்வந்தியின் புற்றில் குட்டிகள் இருந்தன, அஞ்சலையின் பொந்தில் வயதான அம்மா இருந்தாள், இருவருக்கும் வேலை வேண்டியிருந்தது.

தாய் மான் வாயில் பசும்புல்லோடு வந்தாள். இன்று துள்ளானுக்குப் பசிக்கும் என்று நினைத்துக் குளத்துக்கு அக்கரையிலிருந்து கொண்டுவந்த புல். அவள் புல்லைக் கீழே வைத்தாள். குட்டியை முகர்ந்தாள். நெடுநேரம் முகர்ந்துகொண்டே இருந்தாள்.

"கடைசியா ஏதாவது சொன்னானா?" என்று கேட்டாள்.

கரடி வைத்தியர் வேறு பக்கம் பார்த்தார். செவ்வந்தி தரையைப் பார்த்தாள். அஞ்சலைக்குத்தான் தெரியும், அவள்தான் சொல்ல வேண்டும்.

"சித்தி மருந்து குடுத்துட்டாங்கன்னு சொன்னான். நெசமாத்தான்னு சொன்னான். நான் நம்பலை."

அப்போதுதான் ஆமை தலையை முழுதாக வெளியே நீட்டினார். "ஆமா, நான் பாத்தேன்" என்றார். அதைக் கேட்டு யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

"நானும்தான் பாத்தேன். சொல்லிட்டுப் போறேன்னு கேட்டேனே" என்றாள் தாய் மான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. செவ்வந்தியைப் பார்த்தும் சொல்லவில்லை. குட்டியிடம்தான் சொன்னாள். பிறகு தனியாகத் தோப்பைவிட்டுப் போனாள். அவள் அந்தக் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கக்கூட மறுபடி வரவில்லை.

கரடி வைத்தியர் விசாரணையை முடித்தார். இனிமேல் விடிகிற வரைக்கும் கொட்டாங்குச்சிகளைக் கழுவக் கூடாது என்று ஒரு புது உத்தரவு போட்டார். வேறு ஆள் கொடுப்பதைப் பற்றி அவர் பேசவில்லை. கேட்கவும் யாருக்கும் வாய் வரவில்லை.

அன்று பொழுது சாய்ந்தபோது செவ்வந்தி கிளம்பாமல் நின்றாள். அஞ்சலை நேரத்தோடு இறங்கி வந்தாள். பழைய வழக்கப்படி இருவரும் படுக்கை படுக்கையாகப் போனார்கள். முயலுக்குக் கட்டு மாற்றியதைச் செவ்வந்தி சொன்னாள். ஆமைக்கு இன்றைக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னாள். அஞ்சலை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அடுத்த படுக்கைக்கு வந்தார்கள். இலைகள் மாற்றப்படாமல் கிடந்தன. புல் வாடியிருந்தது. செவ்வந்தி ஒரு பக்கமும் அஞ்சலை ஒரு பக்கமும் நின்றார்கள். வெகுநேரம் நின்றார்கள். அங்கே சொல்வதற்கும் ஒன்றும் இல்லை, கேட்பதற்கும் ஒன்றும் இல்லை.

ஓர் உயிரைச் சேர்ந்து காக்க வேண்டியவர்கள் தங்களுக்குள் பேச்சை நிறுத்திக்கொண்டால், இருவரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் நடுவில் கிடக்கிற உயிர் போய்விடும்.